தொன்மைத் தானுந்து இறக்குமதி (இந்தியா)

தொன்மைத் தானுந்து இறக்குமதி என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் உற்பத்தி செய்யப்பட்டு, வரலாற்று மதிப்புக்காகப் பேணப்படும் தானுந்து (கார்) ஒன்றை ஒரு நாட்டில் வாங்கி, மற்றொரு நாட்டுக்குச் சட்டப்படி கொண்டுவருவதாகும். இந்தியாவில் இது வெளிநாட்டு வணிகக் கொள்கை, சுங்கச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய மூன்றினாலும் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. 1950 சனவரி 1 ஆம் நாளுக்கு முன் உருவான தானுந்துகளை மட்டுமே தொன்மை ஊர்திகளாகக் கொண்டுவர முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த எல்லை மாற்றப்பட்டு, 50 ஆண்டுகள் நிறைவடைந்த ஊர்திகளை இறக்குமதி செய்ய வழி ஏற்பட்டது.

இத்தகைய ஊர்தி ஒன்றின் மதிப்பு அதன் பொறி, உடற்கூடு ஆகியவற்றை மட்டும் பொறுத்தது அன்று. அது எந்த நாட்டில், எந்த ஆண்டில் உருவானது, எவ்வழியாக நாட்டுக்குள் நுழைந்தது என்பவற்றை மெய்ப்பிக்கும் ஆவணங்களையும் பொறுத்தது. ஆவணம் இல்லாத ஊர்தியைப் பதிவு செய்ய இயலாது. முறையாகத் தீர்வை செலுத்தப்படாத ஊர்தியை, அது பல கை மாறிய பின்னரும், சுங்கத்துறை கைப்பற்ற முடியும்.

வரைவிலக்கணம்

பழைய தானுந்துகளைக் குறிக்கப் பேச்சு வழக்கில் விண்டேஜ், கிளாசிக் ஆகிய சொற்கள் பயன்படுகின்றன. ஆர்வலர்களிடையே விண்டேஜ் என்பது பெரும்பாலும் 1919 முதல் 1930 வரையான ஊர்திகளையும், கிளாசிக் என்பது அவற்றுக்குப் பிந்திய, குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஊர்திகளையும் சுட்டும். இந்தப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு, கழகத்துக்குக் கழகம் வேறுபடும்.

ஃபீவா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டுத் தொன்மை ஊர்திக் கூட்டமைப்பு 1966 இல் நிறுவப்பட்டது. அதன் வரையறைப்படி, குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதும், வரலாற்று முறைப்படி சரியான நிலையில் பேணப்படுவதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான ஊர்தியே தொன்மை ஊர்தி ஆகும். இந்தியச் சட்டம் இதைவிடக் கடுமையானது. 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், மூல வடிவில் பேணப்படுவதும், பெரும் மாற்றங்களுக்கு உட்படாததுமான இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகளே தொன்மை ஊர்திகளாகக் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

குடியேற்றக் காலம்

பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் ஓடிய தானுந்துகள் அனைத்தும் இறக்குமதி செய்யப்பட்டவை அல்லது இறக்குமதியான பாகங்களைக் கொண்டு இங்கு பொருத்தப்பட்டவை ஆகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 இல் பம்பாயில் பொருத்து ஆலை ஒன்றைத் தொடங்கியது. போர்டு நிறுவனமும் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் இவ்வாறான ஆலைகளை நடத்தியது. அரச குடும்பத்தினர், நிலக்கிழார்கள், ஆலை உரிமையாளர்கள் ஆகியோர் ஐரோப்பிய நிறுவனங்களிடம் தனிப்பட்ட வடிவமைப்பில் உடற்கூடு செய்யச் சொல்லி ஊர்திகளை வரவழைத்தனர். இக்காலத்தில் வந்தவற்றுள் எஞ்சியிருப்பவையே இந்தியாவில் இன்று காணப்படும் போருக்கு முந்திய தொன்மைத் தானுந்துகளுள் பெரும்பாலானவை.

கட்டுப்பாட்டுக் காலம்

விடுதலைக்குப் பின் உள்நாட்டு உற்பத்தியை வளர்க்கும் நோக்கில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உற்பத்தித் திட்டம் இல்லாமல் பாகங்களைப் பொருத்தி விற்கும் நிறுவனங்கள் மூன்று ஆண்டுகளுக்குள் தொழிலை முடித்துக்கொள்ள வேண்டும் என 1953 இல் அரசு முடிவு செய்தது. இதனைத் தொடர்ந்து ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகியவை இந்தியாவிலிருந்து வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலைகளில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசடர், பிரீமியர் நிறுவனத்தின் பியட் மற்றும் பத்மினி, சென்னையை அடுத்த ஆலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சில வகைகளே ஓடின. வெளிநாட்டுத் தூதரகங்கள் கைவிட்ட தானுந்துகள் அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்பனைக்கு வந்தன. வெளிநாட்டு ஊர்தி விரும்புவோருக்கு இருந்த மிகச் சில வழிகளுள் இதுவும் ஒன்று.

இதன் விளைவாக 1950களின் நடுப்பகுதி முதல் 1980கள் வரை உலகில் உருவான தானுந்துகளுள் மிகச் சிலவே இந்தியாவை வந்தடைந்தன. மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்., சிட்ரோயன் டி.எஸ்., ஜாகுவார் இ-டைப், போர்டு மஸ்டாங், போர்ஷே 911 ஆகியவை உலகத் தானுந்து வரலாற்றில் முதன்மையானவை. ஆனால், இந்தியத் திரட்டுகளில் இவை அரிதாகவே இருந்தன. 1950 என்ற இறக்குமதி எல்லையும் இவற்றை உள்ளே விடவில்லை.

வெளியேறிய ஊர்திகளும் திரும்பிய ஊர்தியும்

1950களிலும் 1960களிலும் எதிர்த்திசையில் போக்குவரத்து நடந்தது. மன்னர் மானியம் குறைந்து, பராமரிப்புச் செலவு பெருகியபோது அரண்மனைக் கொட்டில்களில் இருந்த பல அரிய ஊர்திகள் ஐரோப்பிய, அமெரிக்க வணிகர்களுக்கு விற்கப்பட்டன. 1970களில் இந்த ஏற்றுமதிக்குத் தடைகள் கொண்டுவரப்பட்டன.

கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் மேத்யூசன் என்ற செல்வந்தருக்காக இங்கிலாந்தின் லோசுடாஃப்ட் நகரில் புரூக் நிறுவனம் 1910 இல் உருவாக்கிய அன்ன வடிவத் தானுந்து பெரிதும் அறியப்பட்டது. இது பின்னர் நாபா அரச குடும்பத்திடம் சென்றது. தற்போது நெதர்லாந்தில் உள்ள லவ்மன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

மாறாக, வெளியே சென்று திரும்பி வந்த ஊர்திக்கு இராஜ்கோட் அரச குடும்பத்தின் "இந்திய விண்மீன்" (ஸ்டார் ஆஃப் இந்தியா) எடுத்துக்காட்டாகும். 1934 இல் உருவான இந்த ரோல்ஸ்-ராய்ஸ் பேந்தம் 2 வகைத் தானுந்தின் உடற்கூட்டைத் திரப் அண்டு மேபர்லி நிறுவனம் செய்தது. 1968 இல் வெளிநாட்டவர் ஒருவருக்கு விற்கப்பட்ட இது, 2010 இல் மீண்டும் அக்குடும்பத்தின் கைக்கு வந்தது. இது 1950 க்கு முன் உருவான ஊர்தி என்பதால் அன்றைய ஆண்டு எல்லை இதற்குத் தடையாக அமையவில்லை. இதே குடும்பம் 1955 ஆம் ஆண்டு ஊர்தி ஒன்றைத் திரும்ப வாங்க விரும்பியிருந்தால், அந்த எல்லை குறுக்கே நின்றிருக்கும்.

இறக்குமதிக் கொள்கை

பழைய ஊர்திகளுக்கான பொது விதி

2001 ஏப்ரல் முதல் பயன்படுத்திய ஊர்திகளை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யலாம். எனினும் அதற்கான நிபந்தனைகள் கடுமையானவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- ஊர்தி உற்பத்தியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது.
- வலப்பக்கச் சுக்கான் (ஸ்டீயரிங்) கொண்டிருத்தல் வேண்டும்.
- வேகமானி கிலோமீட்டரில் காட்டுதல் வேண்டும்.
- முகப்பு விளக்குகள் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும்.
- இறக்குமதிக்குப் பின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் சாலையில் ஓடத் தகுதி உடையதாக இருத்தல் வேண்டும்.
- மும்பைத் துறைமுகம் வழியாகவே கொண்டுவருதல் வேண்டும்.

மூன்று ஆண்டு வரம்பினால் பத்து, இருபது அல்லது முப்பது ஆண்டுகள் பழமையான தானுந்துகளுக்கு இப்பொது விதியில் இடமில்லை. அதாவது ஓர் ஊர்தி மிகப் புதியதாக இருத்தல் வேண்டும், அல்லது மிகப் பழையதாக இருத்தல் வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு வழி மூடியே உள்ளது.

1950 எல்லையும் 50 ஆண்டு எல்லையும்

1950 என்ற நிலையான எல்லை காலம் செல்லச் செல்லக் கடுமையாகிக்கொண்டே வந்தது. 1990 இல் அது 40 ஆண்டுப் பழமையைக் குறித்தது. 2020 இல் அதுவே 70 ஆண்டுப் பழமையைக் குறிப்பதாயிற்று. 2025 இல் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் இதனை 50 ஆண்டு என்ற நகரும் எல்லையாக மாற்றியது. இதன்படி ஒவ்வோர் ஆண்டும் மேலும் ஓர் ஆண்டின் ஊர்திகள் தகுதி பெறுகின்றன. 1975 இன் ஊர்திகள் 2025 இலும், 1976 இன் ஊர்திகள் 2026 இலும் இவ்வெல்லைக்குள் வருகின்றன.

இறக்குமதி அனுமதியும் சாலையில் ஓட்டும் அனுமதியும் வெவ்வேறானவை. துறைமுகத்தில் விடுவிக்கப்பட்ட ஊர்தி, மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு பெறும் வரை காட்சிப் பொருளாகவே இருக்கும்.

நடைமுறை

இறக்குமதியின் படிநிலைகளை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்கலாம். திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்தில், கோயம்புத்தூர் - கரூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வெள்ளகோவிலில் வாழும் ஒருவர், 1960களில் உருவான மோரிஸ் மைனர் தானுந்து ஒன்றை ஐக்கிய இராச்சியத்திலிருந்து தருவிப்பதாகக் கொள்வோம். விசைத்தறிகளும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த இந்நகரிலும், அருகிலுள்ள திருப்பூரிலும் ஏற்றுமதித் தொழிலில் ஈடுபட்டோர் பலர். கப்பல் பட்டி, சுங்க முகவர், சரக்குப் பெட்டகம் ஆகியவை அவர்களுக்குப் பழக்கமானவை. ஆயினும் பின்னலாடைப் பெட்டகத்தை அனுப்புவதற்கும், ஒரு பழைய தானுந்தை வரவழைப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னதில் சரக்கின் மதிப்பை விலைப்பட்டியல் காட்டிவிடும். பின்னதில் சரக்கின் வயது, அடையாளம், மதிப்பு ஆகிய மூன்றையும் வாங்குபவரே மெய்ப்பிக்க வேண்டும்.

வாங்கும் முன்

முதற்பணி அடையாளச் சரிபார்ப்பு ஆகும். அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணும் பொறி எண்ணும் பதிவு ஆவணத்தில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் வி5சி எனப்படும் பதிவு ஆவணமும், ஐக்கிய அமெரிக்காவில் மாநில அரசுகள் வழங்கும் உரிமைப் பத்திரமும், சப்பானில் பதிவு நீக்கத்தின் பின் வழங்கப்படும் ஏற்றுமதிச் சான்றிதழும் இதற்குப் பயன்படுகின்றன. உற்பத்தி நாளை உறுதிசெய்யத் தொடக்கநிலை உற்பத்திப் பேரேடுகளின் அடிப்படையில் வழங்கப்படும் சான்றிதழ்கள் உதவுகின்றன. மோரிஸ், ஆஸ்டின் முதலிய பிரித்தானிய ஊர்திகளுக்குப் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் இத்தகைய சான்றிதழை வழங்குகிறது. ஆண்டு எல்லையை ஒட்டிய ஊர்திகளுக்கு உற்பத்தி நாள் மிகவும் இன்றியமையாதது. சில மாத வேறுபாடே ஊர்தியின் தகுதியைத் தீர்மானிக்கக்கூடும்.

கப்பலேற்றம்

தானுந்துகள் இரு முறைகளில் அனுப்பப்படுகின்றன. முதலாவது, ஊர்தியை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றி இறக்கும் முறை. இதற்கு ஊர்தி இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, சரக்குப் பெட்டகத்துக்குள் சக்கரங்களைக் கட்டி நிறுத்தி அனுப்பும் முறை. செலவு கூடுதலாயினும், உதிரிப் பாகங்கள் களவு போகாமலும் கடற்காற்றில் துருப்பிடிக்காமலும் இருக்கும் என்பதால் தொன்மை ஊர்திகளுக்கு இரண்டாவது முறையே பெரிதும் விரும்பப்படுகிறது. எரிபொருளைப் பெரும்பாலும் வடித்துவிட்டு, மின்கல இணைப்பைத் துண்டித்த பின்னரே பெட்டகம் மூடப்படும். கடல்வழிக் காப்பீட்டில் ஊர்தியின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுவது வழக்கம். ஊர்தி சேதமுற்றால், அதே வகையைப் புதிதாக வாங்கிக் கொடுக்க எவராலும் முடியாது என்பதே இதற்குக் காரணம். எந்தத் துறைமுகம் இத்தகைய ஊர்தியை ஏற்கும் என்பதையும் கப்பலேற்றும் முன்பே உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

சுங்க விடுவிப்பு

ஊர்தி வந்தடைந்ததும் சுங்கச் சட்டம், 1962 இன் 46 ஆம் பிரிவின்படி உள்நுழைவுப் பட்டி பதிவு செய்யப்பட வேண்டும். இப்பணியைப் பெரும்பாலும் உரிமம் பெற்ற சுங்க முகவர் செய்கிறார். அதிகாரிகள் ஊர்தியை நேரில் ஆய்ந்து, எண்களையும் ஆண்டையும் ஒப்பிடுவர்.

மதிப்பீடே இதில் சிக்கலான பகுதி ஆகும். சாதாரணப் பழைய ஊர்திகளுக்கு முதலாண்டில் காலாண்டுக்கு 4%, இரண்டாம் ஆண்டில் 3%, மூன்றாம் ஆண்டில் 2.5%, அதன்பின் 2% என, மொத்தம் 70% வரை தேய்மானம் கழிக்கும் முறை சுங்கத்துறையில் உள்ளது. ஆனால் தொன்மை ஊர்தியின் விலை காலத்தால் குறைவதில்லை. அதன் விலை அரிமையையும் நிலையையும் பொறுத்து உயர்கின்றது. எனவே ஏல நிறுவனத்தின் விலைச்சீட்டு, வங்கி வழிப் பணம் செலுத்திய சான்று, தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை முதன்மை பெறுகின்றன. விலையைக் குறைத்துக் காட்டுவது சுங்கச் சட்டத்தின் 111 ஆம் பிரிவின் கீழ் ஊர்தி பறிமுதல் ஆவதற்குக் காரணமாகலாம்.

தீர்வைகள்

2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்குப் பின், பயன்படுத்திய தானுந்துகளுக்கு 70% அடிப்படைச் சுங்கத் தீர்வையும், 67.5% வேளாண் உட்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு மேல்வரியும் விதிக்கப்படுகின்றன. இரண்டும் சேர்ந்து 137.5% ஆகும். முன்னர் இருந்த 125% தீர்வையும் அதன்மீதான 10% சமூகநல மேல்வரியும் சேர்ந்து இதே அளவாகவே இருந்தன. எனவே மொத்தச் சுமையில் மாற்றம் ஏற்படவில்லை. இவற்றின் மீது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரியும் கணக்கிடப்படுகின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல் பொறி 1200 கன செ.மீ. வரையும் நீளம் 4 மீட்டர் வரையும் உள்ள சிறிய தானுந்துகளுக்கு இவ்வரி 18% ஆகவும், பெரியவற்றுக்கு 40% ஆகவும் உள்ளது.

சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 10,00,000 ரூபாய் மதிப்புள்ள ஊர்திக்கான கணக்கு வருமாறு:

- ஊர்தியின் மதிப்பு: 10,00,000 ரூபாய்
- அடிப்படைச் சுங்கத் தீர்வை (70%): 7,00,000 ரூபாய்
- மேல்வரி (67.5%): 6,75,000 ரூபாய்
- இடைக்கூட்டுத்தொகை: 23,75,000 ரூபாய்
- சிறிய தானுந்து எனில் 18% வரி: 4,27,500 ரூபாய், மொத்தம்: 28,02,500 ரூபாய்
- பெரிய தானுந்து எனில் 40% வரி: 9,50,000 ரூபாய், மொத்தம்: 33,25,000 ரூபாய்

1098 கன செ.மீ. பொறியும் ஏறத்தாழ 3.76 மீட்டர் நீளமும் கொண்ட மோரிஸ் மைனர் 1000, அளவின்படி சிறிய தானுந்துகளின் வரம்புக்குள் அமைகின்றது. ஆயினும் வாங்கிய விலையைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு தொகை வரியாக மட்டுமே செலுத்தப்பட வேண்டியுள்ளது. பெரிய தானுந்துகளுக்கு இது 2.3 மடங்குக்கு மேல் ஆகின்றது. துறைமுகக் கட்டணம், முகவர் கட்டணம், வெள்ளகோவில் வரையான உள்நாட்டுப் போக்குவரத்து ஆகியவை தனி.

பதிவு

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 சூலை 15 அன்று செய்யப்பட்ட திருத்தம், தொன்மை ஊர்திகளுக்கென நாடு முழுவதற்கும் பொதுவான பதிவு முறையை முதன்முறையாக ஏற்படுத்தியது. இதன் முக்கிய கூறுகள்:

- விண்ணப்பம் படிவம் 20 இல் அளிக்கப்பட வேண்டும். காப்பீட்டுச் சான்றும், இறக்குமதி ஊர்தியாயின் சுங்க உள்நுழைவுப் பட்டியும், உள்நாட்டு ஊர்தியாயின் பழைய பதிவுச் சான்றும் இணைக்கப்பட வேண்டும்.
- ஆய்வுக்குப் பின் 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ இல் பதிவுச் சான்று வழங்கப்படும்.
- புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம் ஆகும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.
- பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து "விஏ" என்ற எழுத்துகளும், ஈரெழுத்துத் தொடரும், நான்கு இலக்க எண்ணும் அமையும்.
- ஊர்தியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டுதல் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழினுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு ஓட்டலாம்.
- ஊர்தி விற்கப்பட்டால் 90 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.

அமெரிக்க, ஐரோப்பிய ஊர்திகள் பலவும் இடப்பக்கச் சுக்கான் உடையவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 120 ஆம் பிரிவு, வரையறுக்கப்பட்ட இயந்திர அல்லது மின் சைகைக் கருவி பொருத்தப்பட்டிருந்தாலன்றி இத்தகைய ஊர்தியைப் பொது இடத்தில் ஓட்டுவதைத் தடுக்கின்றது. சுக்கானை வலப்பக்கத்துக்கு மாற்றினால் ஊர்தியின் மூல வடிவம் கெடும். அது தொன்மை ஊர்தி என்ற தகுதிக்கே இடையூறாகலாம்.

முறைகேடுகள்

உயர்ந்த தீர்வையும் இடைப்பட்ட வயதுடைய ஊர்திகளுக்கான தடையும் கள்ளத்தனமான வழிகளைத் தோற்றுவித்துள்ளன. ஊர்தியைப் பிரித்து உதிரிப் பாகங்கள் எனக் கொண்டுவந்து மீண்டும் பொருத்துதல், அழிந்துபோன உள்நாட்டு ஊர்தி ஒன்றின் பதிவுச் சான்றை வெளிநாட்டு ஊர்திக்குப் பயன்படுத்துதல், அடிச்சட்ட எண்ணை அழித்து மாற்றிப் பொறித்தல், விலையைக் குறைத்துக் காட்டுதல் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் தடுப்புப் பிரிவினர் "ஆபரேசன் நும்கோர்" என்ற பெயரில் கேரளத்தின் பல இடங்களில் சோதனை நடத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்திகளைக் கைப்பற்றினர். நும்கோர் என்பது பூட்டானின் சோங்கா மொழியில் ஊர்தியைக் குறிக்கும் சொல்லாகும். பூட்டான் வழியாகத் தீர்வை செலுத்தாமல் ஊர்திகள் கொண்டுவரப்பட்டன என்றும், போலி ஆவணங்களின் உதவியுடன் பிற மாநிலங்களில் அவை பதிவு செய்யப்பட்டன என்றும், கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட குழு ஒன்று இதில் ஈடுபட்டது என்றும் சுங்கத்துறை குற்றஞ்சாட்டியது. தாம் முறைப்படி விலை கொடுத்து வாங்கியதாகக் கூறி, ஊர்தியின் உரிமையாளர் ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். ஊர்தியைத் தற்காலிகமாக விடுவிக்கும் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு நீதிமன்றம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

இடையில் வாங்குபவரின் நிலையை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. போக்குவரத்து அலுவலகம் வழங்கிய பதிவுச் சான்று இருப்பதாலேயே ஊர்தி சட்டப்படி நாட்டுக்குள் வந்தது என்று ஆகிவிடாது. ஆகவே உள்நாட்டில் ஏற்கெனவே பதிவான வெளிநாட்டுப் பழைய ஊர்தியை வாங்குவோர் பின்வருவனவற்றைச் சரிபார்த்தல் வேண்டும்:

- மூல சுங்க உள்நுழைவுப் பட்டியும் தீர்வை செலுத்திய பற்றுச்சீட்டும்.
- முதற்பதிவு நடந்த அலுவலகத்தின் பதிவேட்டுடன் ஒத்த அடிச்சட்ட எண், பொறி எண்.
- மாநிலம் விட்டு மாநிலம் மாறியிருப்பின், ஒவ்வொரு மாற்றத்துக்குமான மறுப்பின்மைச் சான்று.
- ஊர்தி உற்பத்தியான ஆண்டுக்கும் நாட்டுக்குள் வந்த ஆண்டுக்கும் இடையே அன்றைய விதி அனுமதித்த இடைவெளி.

தற்காலிக இறக்குமதி

அணிவகுப்பு அல்லது நெடும்பயணத்துக்காகக் குறுகிய காலத்துக்கு ஊர்தியைக் கொண்டுவருவோர் தீர்வை செலுத்த வேண்டியதில்லை. இதற்குக் கார்னே எனப்படும் பன்னாட்டுச் சுங்கக் கடவுச்சீட்டு பயன்படுகின்றது. குறித்த காலத்துக்குள் ஊர்தி நாட்டை விட்டு வெளியேறாவிடில், கடவுச்சீட்டை வழங்கிய கழகம் தீர்வைக்குப் பொறுப்பேற்கும். இதற்காக அக்கழகம் உரிமையாளரிடம் முன்கூட்டியே பிணைத்தொகை பெறுகின்றது. இந்தியாவில் மும்பையிலுள்ள மேற்கிந்தியத் தானுந்துக் கழகம் இவற்றை வழங்கி வருகின்றது.

தமிழ்நாட்டில் திரட்டுகள்

கொங்குப் பகுதியில் தொன்மைத் தானுந்துகளைப் பொதுமக்கள் காணக்கூடிய முதன்மையான இடம் கோயம்புத்தூர் அவினாசி சாலையிலுள்ள ஜீடி தானுந்து அருங்காட்சியகம் ஆகும். அறிவியலாளரும் தொழில் முனைவருமான கோ. து. நாயுடுவின் (1893–1974) பெயரிலமைந்த அறக்கட்டளை இதனை 2015 இல் திறந்தது. கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர ஊர்தியின் மாதிரிப்படியும், பல நாடுகளின் தானுந்துகளும் இங்குள்ளன. சென்னையில் ஏவிஎம் நிறுவனத்தின் பாரம்பரிய அருங்காட்சியகம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. பழைய திரைப்படக் கருவிகளுடன் தொன்மைத் தானுந்துகளும் அங்கு வைக்கப்பட்டுள்ளன.

கோயம்புத்தூர்ப் பகுதியின் வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் இத்துறைக்குத் துணையாக அமைகின்றன. உற்பத்தி நின்றுபோன ஊர்திக்கு உதிரிப் பாகம் கிடைக்காதபோது, பழைய பாகத்தையே அச்சாகக் கொண்டு புதியது வார்த்துக் கடைந்து கொள்ள வேண்டியுள்ளது.

பிற நாடுகளில்

- ஐக்கிய அமெரிக்கா: 25 ஆண்டுகள் நிறைவடைந்த ஊர்திகளுக்குக் கூட்டரசின் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு. மாசு விதிகளிலிருந்து விலக்குப் பெற 21 ஆண்டுகள் போதும்.
- கனடா: 15 ஆண்டுகள் நிறைவடைந்த ஊர்திகளைக் கொண்டுவரலாம்.
- ஆசுத்திரேலியா: 1989 க்கு முற்பட்ட ஊர்திகள் என்ற நிலையான எல்லை இருந்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அது 25 ஆண்டு என்ற நகரும் எல்லையாக மாறியது. கல்நார் கலந்த தடுப்புக் கட்டைகள் முதலிய பாகங்களுடன் ஊர்தியைக் கொண்டுவருதல் அங்குத் தடை செய்யப்பட்டுள்ளது.
- ஐக்கிய இராச்சியம்: குறைந்தது 30 ஆண்டுப் பழமையும், மூல நிலையும், உற்பத்தி நின்ற வகை என்ற தகுதியும் உடைய ஊர்தி, சேகரிப்புப் பொருளாக ஏற்கப்பட்டால் சுங்கத் தீர்வை இன்றி 5% மதிப்புக் கூட்டு வரியுடன் விடுவிக்கப்படும்.
- சிங்கப்பூர்: 35 ஆண்டுப் பழமையான ஊர்திகளுக்குத் தனித் திட்டம் உண்டு. ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே அவற்றை ஓட்டலாம்.
- இலங்கை: 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் ஊர்தி இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. மோரிஸ் மைனர் பெருமளவில் எஞ்சியிருந்த இந்நாட்டில், அதன் உதிரிப் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் தொழிலகம் ஒன்று 1990களில் இயங்கியது.

விமர்சனங்கள்

50 ஆண்டு எல்லையைத் தொன்மை ஊர்தி ஆர்வலர்கள் பொதுவாக வரவேற்றுள்ளனர். முன்னர் மூடப்பட்டிருந்த கால் நூற்றாண்டுத் தானுந்து வரலாறு இதனால் இந்திய அருங்காட்சியகங்களுக்கும் மாணவர்களுக்கும் எட்டக்கூடியதாகின்றது. அதேவேளை, தீர்வை குறையாத நிலையில் இத்தளர்வு செல்வந்தர்களுக்கு மட்டுமே பயன்படும் என்ற கருத்தும் உண்டு. ஐக்கிய இராச்சியத்தைப் போல வரலாற்று மதிப்புள்ள ஊர்தியைச் சேகரிப்புப் பொருளாகக் கருதி வரியைக் குறைத்தால், கடத்தலுக்கான தூண்டுதலும் குறையும் என்பது ஆதரவாளர் வாதமாகும். ஆடம்பரப் பொருளுக்கு வரிச்சலுகை தேவையில்லை என்பதும், பழைய பொறிகளின் புகைமாசு கூடுதல் என்பதும் எதிர்வாதங்கள். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் ஊர்திகளின் மாசு மிகச் சிறிது என்பது இதற்குத் தரப்படும் மறுமொழி.

உள்நாட்டு மரபு புறக்கணிக்கப்படலாம் என்பது மற்றொரு கவலை ஆகும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தொடக்ககால அம்பாசடர், பியட் 1100 ஆகியவையும் 50 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. இவற்றுள் பல, பதிவுச் சான்று தொலைந்தோ புதுப்பிக்கப்படாமலோ போனதால் பழைய இரும்பு விலைக்கு உடைக்கப்படுகின்றன. 2021 ஆம் ஆண்டு விதிகளின் மறுபதிவு வழி இவற்றுக்கும் பொருந்தும். இறக்குமதி ஊர்திக்குச் சுங்க உள்நுழைவுப் பட்டி எவ்வளவு முதன்மையானதோ, அவ்வளவு முதன்மையானது இந்த உள்நாட்டு ஊர்திகளுக்கு அவற்றின் பழைய பதிவுச் சான்று.